'மிஸ்ஸிங்' என்ற சொல்லுக்குப் பின்னால்



அண்மையில் ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் ஒரு பைல். இப்படி ஒரு பை உங்களில் பலரிடமும் இருக்கும். மழைக்கு நனையாமலும் எலி கடிக்காமலும் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருக்கும் பை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, பதிவுத் துண்டுகள், பள்ளிக்கூடக் காலத்துப் படம் ஒன்று, கடிதங்கள்.

"பிள்ளை, இதுக்குள்ள இங்கிலீசில கிடக்கிறதுகளை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கையெழுத்து வைச்சது நான்தான். என்ன எழுதிக் கிடக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

ஆங்கிலக் கடிதங்கள் ஐந்து இருந்தன. முதலாவது 2010 இல் எழுதியது, கடைசி 2019 இல். ஒன்றை ஒரு ஆசிரியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றைக் கச்சேரியடியில் தட்டச்சு செய்பவர். ஒன்றை அயலில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த பெடியன். எல்லாரும் நல்ல மனதோடு செய்து கொடுத்தவர்கள்தான். மகன் ஒருவர், கதை ஒன்று. ஆனால் ஐந்து கடிதங்களும் ஐந்து விதமாகச் சொல்லின. எல்லாவற்றிலும் 'மிஸ்ஸிங்' என்ற அந்த ஒரு சொல் இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நின்ற சின்னச் சொற்கள்தான் வேறுபட்டன.

அந்தச் சின்னச் சொற்களைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் 'முன்னிடைச் சொற்கள்' என்று படிப்பித்தார்களே, 'இன்', 'ஒன்', 'அற்', 'ஃப்ரொம்', 'ரூ' என்று, அவைதான். தமிழில் நாங்கள் சொல்லின் வாலில் 'இல்', 'ஆல்', 'இடம்', 'இலிருந்து' என்று ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அவை தனிச் சொல்லாகச் சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். கணக்குப் பாடத்தை விட எனக்குப் பயமாக இருந்த பாடம் அது. சோதனையில் புள்ளி குறையும் என்பதற்கு மேல் அதில் வேறு என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தேன்.

'மிஸ்' என்ற சொல் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரீச்சரை மிஸ் என்கிறோம். பஸ்ஸை மிஸ் பண்ணுகிறோம். காசில்லாத நேரம் மிஸ் கோல் அடிக்கிறோம். ஆகவே 'மிஸ்ஸிங்' என்பது விளங்கிய சொல் என்றே நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் முதல் பிழை வருகிறது.

அந்த ஏ.எல். பெடியன் எழுதிய கடிதத்தில் 'ஐ ஆம் மிஸ்ஸிங் மை சன்' என்று இருந்தது. இதில் காணாமல் போனது மகன் இல்லை. 'நான் என் மகனை நினைத்து ஏங்குகிறேன்' என்பதே அதன் பொருள். மகன் வெளிநாட்டில் படிக்கிறான் என்றாலும் ஒரு தாய் இதையே எழுதுவாள். மகன் காணாமல் போயிருக்கிறான் என்றால் மகனை முன்னுக்கு வைத்து 'மை சன் இஸ் மிஸ்ஸிங்' என்று எழுதவேண்டும்.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் உண்மைதானே பிள்ளை" என்றார். அந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டேன்.

தட்டச்சுக்காரர் எழுதியதில் 'மிஸ்ஸிங் ஃப்ரொம் 2009' என்று இருந்தது. இது எங்கள் தமிழ் செய்யும் வேலை. 'வவுனியாவிலிருந்து வந்தேன்' என்கிறோம், '2009 இலிருந்து காணவில்லை' என்றும் சொல்கிறோம். இடத்துக்கும் காலத்துக்கும் எங்களுக்கு ஒரே 'இலிருந்து' போதும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'மிஸ்ஸிங் ஃப்ரொம்' என்றால் அடுத்ததாக வரவேண்டியது இடம்: வீட்டிலிருந்து, முகாமிலிருந்து, ஒரு ஊரிலிருந்து. காலத்தோடு 'ஃப்ரொம்' வந்தால் படிப்பவர் 'அப்ப எதுவரை?' என்று எதிர்பார்ப்பார். 2009 இலிருந்து 2011 வரை என்பது போல. முடிவு இல்லாமல் இன்றுவரை நீளுகின்ற காலத்துக்குச் 'சின்ஸ்' என்ற வேறு சொல் வைத்திருக்கிறார்கள். 'ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009'. அந்த மாதம் தொடங்கியது, இந்தக் கடிதத்தை நீங்கள் கையில் எடுக்கும் நேரம் வரை முடியவில்லை என்பது அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது.

'ஃபோர்' என்றும் ஒன்று உண்டு. எத்தனை காலமாக என்பதற்கு. 2019 இல் எழுதிய கடிதத்தில் 'மிஸ்ஸிங் ஃபோர் ரென் இயேர்ஸ்', அதாவது பத்து வருடமாகக் காணவில்லை என்று சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தைத்தான் அம்மா அதற்குப் பிறகும் பிரதி எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார். 'ஃபோர்' போட்டால் ஒவ்வொரு வருடமும் திருத்தவேண்டும், 'சின்ஸ்' போட்டால் திருத்தத் தேவையில்லை என்றேன்.

"ஒவ்வொரு வருஷமும் திருத்த வேண்டி வரும் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதாதேங்கோ" என்றார். நான் பேசவில்லை.

இவற்றை விடப் பாரதூரமானது 'வோஸ்' என்ற சொல். இது முன்னிடைச் சொல் இல்லைத்தான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியர் எழுதிய கடிதத்தில் 'மை சன் வோஸ் மிஸ்ஸிங் அற் முல்லைத்தீவு' என்று இருந்தது. 'காணாமல் போனார்' என்று நாங்கள் இறந்தகாலத்தில் சொல்வதை அப்படியே மாற்றியிருக்கிறார். ஆங்கிலம் தெரிந்தவர் காதில் அது வேறு விதமாக விழும். 'காணாமல் இருந்தான், பிறகு கிடைத்துவிட்டான்' என்று. போனது என்ற சம்பவத்தைச் சொல்வதானால் 'வென்ற் மிஸ்ஸிங்' என்று எழுதி நாளையும் இடத்தையும் கொடுக்கவேண்டும். நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் மாவட்டத்துக்கும் 'இன்', குறித்த ஒரு இடத்துக்கு, அதாவது ஒரு சந்திக்கோ சோதனைச் சாவடிக்கோ, 'அற்'. 'அற் முல்லைத்தீவு' என்றால் ஒரு முழு மாவட்டத்தை ஒரு புள்ளியாகச் சொன்னமாதிரி. அம்மாவுக்கு அந்தப் புள்ளி தெரியும். ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மரத்தடி. யாரும் கேட்கவில்லை, எழுதப்படவில்லை.

இன்னொரு கடிதத்தில் 'மிஸ்ஸிங் இன் வோர்' என்று இருந்தது. போரில் காணாமல் போனவர் என்று எழுத நினைத்திருக்கிறார்கள். ஆனால் 'மிஸ்ஸிங் இன் அக்ஷன்' என்று படைத்துறையில் ஒரு சொல் இருக்கிறது. சண்டைக் களத்தில் நின்று காணாமல் போனவரைக் குறிப்பது அது. காணாமற்போன ஆட்கள் பற்றிய 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்திலும் முப்படையினரையும் பொலிசாரையும் குறித்து அந்தச் சொல் வருகிறது. படையிலிருந்த மகனைத் தேடும் சிங்களத் தாய் ஒருவரை ஒரு கருத்தரங்கில் சந்தித்தேன். அவரிடமும் இதே மாதிரி ஒரு பை, அதற்குள் ஒரு பை. அவருடைய கடிதத்தில் 'இன் அக்ஷன்' என்பது சரியான சொல். எங்கள் அம்மாவின் மகன் சண்டையில் நின்றவர் இல்லை. சண்டை முடிந்த பிறகு, தாய் பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒரு துணிப் பையோடு போனவர். 'இன் வோர்' என்று எழுதியவுடன் படிப்பவர் மனதில் துவக்குச் சூடும் குழப்பமும்தான் வரும். அந்த அமைதியான மரத்தடி வராது.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு அக்காவுக்காக அவருடைய விபரத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். வெளிநாட்டிலிருந்து சிலர் வந்து பெண்களைச் சந்திப்பதாக இருந்தது. 'கணவனைத் தொலைத்துவிட்டேன்' என்று அவர் சொன்னார். பட்டதாரி என்ற நினைப்பில் 'லொஸ்ற் ஹேர் ஹஸ்பண்ட் இன் 2009' என்று எழுதினேன். ஒரு பொருளைத் தொலைத்தால் 'லொஸ்ற்' தேடக்கூடியது. ஒரு ஆளை 'லொஸ்ற்' என்றால் ஆங்கிலத்தில் அவர் இறந்துவிட்டார் என்று கருத்து. வந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்து, கண்கலங்கி, அவருடைய நாட்டு வழக்கப்படி துக்கம் விசாரித்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"என்ர மனுசன் செத்துப்போனார் எண்டு இவவுக்கு ஆர் சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

நான்தான் சொன்னேன். நெற்றியில் பொட்டோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை, அவருக்குத் தெரியாமல், ஒரு பக்கக் கடதாசியில் விதவையாக்கி விட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எந்தக் கடிதமும் எழுதுவிக்கவில்லை.

அதிலிருந்து எங்கே 'மிஸ்ஸிங்' வந்தாலும் அடுத்த சொல்லைப் பார்க்கிற பழக்கம் வந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் 'ஃப்ரொம்' வரும், 'சின்ஸ்' வரும், 'ஃபோர்' வரும், 'இன்' வரும். யாரால் என்று சொல்கிற 'பை' மட்டும் வராது. 'மிஸ்ஸிங் பை இன்னார்' என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் அமைக்க முடியாது. எங்கள் 'காணாமல் போனார்' என்பதும் அதே மாதிரித்தான். 'இன்னாரால் காணாமல் போனார்' என்று யாரும் சொல்வதில்லை. தானாகவே எழும்பிப் போன மாதிரி ஒரு சொல்.

'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று சொன்னால்தான் 'ஆல்' வந்து ஒட்டும். யாரால் என்ற கேள்வி தானாகவே எழும். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் இருக்கத் தொடங்கியபோது 'ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லைத்தான் முன்னுக்கு வைத்தார்கள். இலக்கணம் படித்து அவர்கள் அதற்கு வரவில்லை. ஆங்கிலத்தில் 'வோஸ் டிஸ்அப்பியர்ட் பை' என்று எழுதினால் பழைய ஆங்கில ஆசிரியர்கள் சிவப்புப் பேனையால் வெட்டுவார்கள். ஆனாலும் மனித உரிமை ஆவணங்களில் அது இன்று பழகிப்போன பிரயோகம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சமவாயம் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒருவரைக் கைது செய்வதோ தடுத்து வைப்பதோ கடத்துவதோ அரச முகவர்களாலோ அரசின் அனுமதியுடனோ ஆதரவுடனோ செயற்படுபவர்களாலோ நடந்து, பிறகு அதை மறுப்பது அல்லது அவர் எங்கே என்பதை மறைப்பது. அந்த விளக்கத்திலிருந்து 'ஆல்' என்ற உருபை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. இலங்கை அந்தச் சமவாயத்தில் 2015 டிசம்பரில் கையெழுத்திட்டது, 2016 மே மாதம் அதை உறுதிப்படுத்தியது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாக அது உள்நாட்டிலும் வந்தது.

இதற்காக எல்லாரும் 'ஆக்கப்பட்டார்' என்றே எழுதுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஷெல் விழுந்த சனத்துக்குள் கைநழுவிப் போன பிள்ளையை, யாரும் கொண்டுபோனதைக் கண்ணால் காணாத பிள்ளையை, 'மிஸ்ஸிங்' என்று சொல்வதே உண்மை. கண்டதைக் கண்டமாதிரி எழுதவேண்டும். அந்த அம்மா கண்டவர். "நான் ஒப்படைச்சனான்" என்றுதான் அவர் வாயில் வந்தது. அதற்கு 'மிஸ்ஸிங்' தேவையே இல்லை. 'ஹாண்டட் ஓவர் ரூ' என்று எழுதி, 'ரூ' வுக்குப் பின்னால் யாரிடம் என்பதை எழுதவேண்டும். ஐந்து கடிதங்களில் ஒன்றிலும் அந்த 'ரூ' இல்லை.

2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அலுவலகத்தின் பெயரிலும் ஒரு முன்னிடைச் சொல் இருக்கிறது. பலர் ஆங்கிலத்தில் 'ஒபிஸ் ஃபோர் மிஸ்ஸிங் பேர்சன்ஸ்' என்று சொல்கிறார்கள். உண்மையான பெயர் 'ஒபிஸ் ஒன் மிஸ்ஸிங் பேர்சன்ஸ்'. இந்த இடத்தில் 'ஒன்' என்றால் மேலே என்ற கருத்து இல்லை, பற்றி என்ற கருத்து. ஒரு பெண்கள் கூட்டத்தில் இதை விளக்கியபோது பின் வரிசையிலிருந்த ஒரு அக்கா, "அப்ப எங்களுக்காக இல்லை, எங்களைப் பற்றித்தானோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆணைக்குழுக்களுக்கும் குழுக்களுக்கும் பெயர் வைக்கிறபோது 'ஒன்' போடுவது வழக்கம் என்று பதில் சொன்னேன். சரியான பதில்தான். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் அந்தக் கேள்விதான் கூட வந்தது.

சான்றிதழ் விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் முதலில் மரணச் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது. காணி, வங்கி, பிள்ளைகளின் அலுவல் என்று ஓடித் திரிந்தவர்கள் மனம் கேளாமலே அதை எடுத்தார்கள். 2016 இல் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் செய்த திருத்தத்துக்குப் பிறகு 'சேட்டிபிக்கற் ஒவ் அப்சன்ஸ்' என்று வேறொன்றும் எடுக்கலாம். ஆள் இறந்தார் என்று அது சொல்வதில்லை, இங்கே இல்லை என்று மட்டும் சொல்கிறது. விபரத்தைப் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியான பத்திரங்களிலும் சத்தியக்கடதாசிகளிலும் ஒரு ஆங்கில வாசகம் வரும். 'நொற் பீன் ஹேர்ட் ஒவ்'. இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். 'ஹேர்ட் ஃப்ரொம்' என்றால் அவரிடமிருந்து ஒரு கடிதம், ஒரு கோல், ஒரு சொல் வந்தது என்று கருத்து. 'ஹேர்ட் ஒவ்' என்றால் அவரைப் பற்றி வேறு யாரும் ஏதும் சொன்னார்கள் என்பதும் அடங்கும். "அவரிட்ட இருந்து ஒண்டும் வரேல்லை" என்று நீங்கள் சொல்ல, எழுதுபவர் 'நொற் ஹேர்ட் ஒவ்' என்று போட்டுவிட்டால், உங்களுக்கு எந்தத் தகவலும் எவராலும் கிடைக்கவில்லை என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்ததாகிவிடும்.

அந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். மகனிடமிருந்து ஒன்றும் வரவில்லைத்தான். ஆனால் 2010 இல் தடுப்பிலிருந்து வெளியே வந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்கட மகனை ஒரு நாள் தூரத்தில் கண்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்தக் கடிதத்திலும் அது இல்லை. "ஏன் அம்மா சொல்லேல்லை?" என்றேன்.

"அவை ஃபோமில இருக்கிறதைத்தானே கேட்டவை" என்றார்.

இன்னொன்று. அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியானது. தமிழிலேயே பதிலும் கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு ஆங்கிலம் தேவை என்றால் முதலில் தமிழில் எழுதுவியுங்கள், அதை நீங்கள் வாசித்துச் சரி என்ற பிறகு மாற்றுவியுங்கள். மாற்றியதைத் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்து வையுங்கள். எழுதித் தருபவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நான் எழுதித் தந்தாலும் அப்படித்தான் கேட்கவேண்டும்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினோம். தமிழில் ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். திகதி, பாலத்தின் பெயர், மரத்தடி, யாரிடம், யார் யார் பக்கத்தில் நின்று கண்டார்கள், 2010 இல் வந்தவர் என்ன சொன்னார் எல்லாம் எழுதினோம். ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு இடத்தில் மறித்தார்.

"கையில துணிப்பை எண்டு போட்டிருக்கிறியளே, அது நீலப்பை."

நீலம் என்று சேர்த்தேன். கையெழுத்து வைத்தார்.

பழைய ஐந்து கடிதங்களையும் என்ன செய்வது என்று கேட்டேன். தாருங்கோ என்று வாங்கி, பெடியன் எழுதியதைத் தனியாகத் தேடி எடுத்து மகனுடைய படத்தோடு சேர்த்து வைத்தார். மிச்சத்தைப் பைலுக்குள் வைத்து, பைலைப் பைக்குள் வைத்து, அதை மற்றப் பைக்குள் வைத்துச் சுற்றினார். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.